தண்டவாளத்தில் நின்ற கேம்பிரிட்ஜ்

மணி அடிக்கத் தொடங்கியபோது நான் அந்தக் காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அது ரயில் கடவையின் மணி. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கார் தண்டவாளத்துக்குக் குறுக்கே நின்றது. உள்ளே அன்ரன் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். இறங்கு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"என்ரை காரை விட்டிட்டு நான் இறங்கமாட்டன் அண்ணை" என்றான்.

வாகனம் திருத்துகிற எங்கள் கராச்சில் வேலை பழகுகிற பிள்ளைகள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன். வாசித்துவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

1. குழை

நான் பிரேக் வேலைக்காரன். எஞ்சின் வேலை, கியர்ப்பெட்டி வேலை எல்லாம் தெரியும், ஆனால் சனம் என்னைத் தேடி வந்தது பிரேக்குக்குத்தான். 'பிரேக் மணியம்' என்றால் சுன்னாகம் பக்கத்தில் தெரியும். கராச்சை மருமகனிடம் கொடுத்த பிறகும் ஒரு வேலை மட்டும் என்னை விடவில்லை. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி ஓடுவார்கள். ஒஸ்ரின், மொரிஸ், இன்னும் நான் பெயர் மறந்ததெல்லாம் வரும். அவர்களுக்குப் பின்னால் கடைசி வாகனமாக, என் வான் வண்டியில் சாமான் பெட்டியோடு நான் போகவேண்டும்.

கார் மேல் அன்பு என்றால் அது அன்பு. பெண்சாதியின் பிறந்தநாளை மறப்பார்கள், காபரேற்றர் கழுவின நாளை மறக்கமாட்டார்கள். இரண்டு பேர் சந்தித்தால் சுகம் கேட்பதற்கு முன் பொனற்றைத் திறப்பார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வாகனம் பழுதாகி றோட்டில் நின்றால், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று இலையோடு ஒரு கொப்பை, குழை என்போம், முறித்துப் பின்னால் போடுவோம். இந்தக் கூட்டம் அதைப் பகிடியாக்கி வைத்திருந்தது. ஓட்டத்தின்போது யாருடைய கார் நிற்கிறதோ, அதன் முன் பம்பரில் வேப்பங்குழை கட்டுவார்கள். குழையோடுதான் வீடு வரைக்கும் போகவேண்டும். சந்திக்குச் சந்தி சனம் பார்த்துச் சிரிக்கும். கூட்டத்தை நடத்துகிற நீர்வேலித் தேவன் இதில் மகா கெட்டிக்காரன். வாழைக்குலை வியாபாரி, மொரிஸ் மைனர் வைத்திருக்கிறான். ஓட்டம் தொடங்கும்போதே, "இண்டைக்கு ஆரின்ரை கார் மூக்கிலை குழை?" என்றுதான் கேட்பான்.

அன்ரன் மயிலிட்டியில் படகு வைத்திருக்கிறவன். கடலுக்குப் போகாத நாளெல்லாம் அந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோடுதான். கோழி அடைத்துக் கிடந்த வெறும் கூடாக வாங்கியதைத் தன் கையாலேயே தட்டி, தேய்த்து, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ற் அடித்து எடுத்திருந்தான். அன்றைக்கு அதற்கு முதல் ஓட்டம். மனைவி ஜெசிந்தாவும் கூட வந்திருந்தாள்.

காலையில் நீர்வேலியில் எல்லாக் காரையும் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்ரனின் பொனற்றுக்குள் கையை வைக்கப் போனேன்.

"அண்ணை, கையைத் துடைச்சிட்டுத் தொடுங்கோ."

"ஏன், குளிச்சுத் தோய்ஞ்சிட்டு வரட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பொனற்றுக்குள் இருந்த ஆணிக்குக்கூடப் பெயின்ற் அடித்திருந்தான்.

"பிரேக் ஒயில் பாத்தனியோ?"

"போன கிழமைதான் நிரப்பினனான்."

பெடலை மிதித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சரி போவோம் என்றேன்.

2. மணம்

அன்றைய ஓட்டம் நீர்வேலியிலிருந்து மயிலிட்டிக்கு. நேர் வழி இருக்கிறது. இவர்கள் அதால் போகமாட்டார்கள். நேரே போனால் காரை யார் பார்ப்பது? உடுவில் பக்கமெல்லாம் சுற்றித்தான் போனோம்.

அன்ரனின் கார் எனக்கு முன்னால். உடுவிலைத் தாண்டும்போது ஒரு மணம் வந்தது. பிரேக் லைனிங் எரிகிற மணம். அதை எழுத்தில் சொல்லத் தெரியாது, ஆனால் நித்திரையில் வந்தாலும் எழும்பிவிடுவேன். கோன் அடித்தேன். லைற் போட்டுக் காட்டினேன். அவன் கையை வெளியே நீட்டி, ஒன்றுமில்லை வாங்கோ என்பதுபோல் ஆட்டினான்.

அவனுக்குத் தெரியும். கார் இழுக்கவில்லை, எக்சிலேற்றரைக் கூடக் கூட அமத்தவேண்டியிருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் போகுமா? ஜெசிந்தா பிறகு சொன்னாள்: "நான் கேட்டனான் அண்ணை, ஏன் இப்பிடி முக்குது எண்டு. பேசாமல் இரு, தேவன் குழையோடை நிக்கிறான் எண்டார்."

முதல் ஓட்டத்திலேயே குழை கட்டுப்படக்கூடாது. அவ்வளவுதான் அவனுடைய யோசனை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முந்திப்போய் மறிக்கலாம் என்றால் ஒழுங்கை ஒடுக்கம், இரண்டு பக்கமும் மதில். அந்த ஒழுங்கை ஒரு ரயில் கடவையில் ஏறி இறங்குகிறது. கேற் இல்லை. மணியும் விளக்கும் மட்டும்தான்.

3. கடவை

கடவைக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் எதிரே வந்தது. முன்னால் போன கார்கள் ஒதுங்கி மெதுவாகின. அன்ரனும் பிரேக்கை மிதித்தான், சரியாகத் தண்டவாளத்துக்கு மேல். முன் கார்கள் நகர்ந்தன. அவனுடைய கார் நகரவில்லை. எஞ்சின் ஒருமுறை உறுமி நின்றது. திரும்ப ஸ்ராட் பண்ணினான், திரும்ப நின்றது.

நான் ஓடிப்போனேன். முன்னால் போனவர்களும் இறங்கி ஓடிவந்து தள்ளினார்கள். கார் ஒரு மயிரிழையும் அசையவில்லை. நாலு சில்லும் இறுகிப்போயிருந்தன. டிரம்மில் கையை வைத்தேன், சுட்டது. அப்போதுதான் மணி அடிக்கத் தொடங்கியது.

மணி அடித்தால் ரயில் வருகிறது என்று தெரியும். எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாது. தேவன் தன் காரில் இருந்த சிவப்புப் பொலிஷ் துணியை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் ஓடினான். இன்னொருவன் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக்கொண்டு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினான்.

ஜெசிந்தா இறங்கிவிட்டாள். அன்ரன் இறங்கவில்லை.

பிரேக் பிடித்தபடி நின்றால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. காலை எடுத்ததும் குழாய்களில் இருக்கிற ஒயில் மாஸ்ரர் சிலிண்டருக்குத் திரும்ப வேண்டும். அதற்கென்று ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே ரப்பர் ஊதி அந்தத் துவாரத்தை அடைத்தால் ஒயில் திரும்பாது, பிரேக் விடாது. ஒரு சில்லின் பின்பக்கத்தில் இருக்கிற நிப்பிளைத் திறந்து ஒயிலை வெளியே விட்டால் நாலும் விடும். பிறகு அந்தக் காருக்குக் கால் பிரேக் இருக்காது. அதைப் பிறகு பார்க்கலாம்.

சில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பானரை வைத்தேன். வழுக்கியது. திரும்ப வைத்தேன், வழுக்கியது. எட்டிப் பார்த்தேன். நிப்பிளுக்கும் பெயின்ற் அடித்திருந்தான். ஒரு தட்டு இல்லை, இரண்டு மூன்று தட்டு. ஸ்பானர் எப்படிப் பிடிக்கும்? ஸ்குறூ டிரைவரால் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினேன். எனக்குப் பயம், பொய் சொல்லவில்லை. வீட்டில் சொல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது.

"இறங்கடா" என்றேன்.

"என்ரை காரை விட்டிட்டு நான் இறங்கமாட்டன் அண்ணை."

ஜெசிந்தா மற்றப் பக்கம் சுற்றி வந்து, கதவைத் திறந்து அவனுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள். கதவையும் சாத்தினாள்.

"நீ ஏன் ஏறினனீ? இறங்கு" என்றான்.

"நீங்கள் இருந்தால் நானும் இருக்கிறன்."

"விசர்க்கதை கதையாதை ஜெசி. பிள்ளையள் இருக்கு."

"அது உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சதோ?"

தூரத்தில் ரயிலின் கோன் கேட்டது. தேவன் ஓடின பக்கம்.

இந்தமுறை ஸ்பானர் பிடித்தது. முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தேன். 'டக்' என்று விட்டது. ஒயில் என் கையிலும் முகத்திலும் பீறி அடித்தது. சில்லு விட்ட சத்தம் கேட்டது. எழும்பும்போது கால் தடுமாறி சில்லுக்கு மேலிருக்கிற மட்காட்டில் அந்த ஒயில் கையை ஊன்றினேன்.

"தள்ளுங்கோடா."

அன்ரன் கதவைத் திறந்து வெளியே குதித்துக் கதவோரமாகத் தோளைக் கொடுத்தான். மற்றவர்கள் பின்னால். கார் உருண்டது. ஜெசிந்தா நகர்ந்து ஸ்ரியரிங்கைப் பிடித்தாள். தண்டவாளம் கடந்ததும் ஒழுங்கை சரிவு. எங்கள் கையை விட்டுக் கார் தானாக ஓடத் தொடங்கியது. பிரேக் இல்லாத கார், உள்ளே அவள்.

"ஹான்ட் பிரேக், தங்கச்சி" என்றேன்.

அவள் இழுத்தாள். வீட்டில் வலை ஏற்றுகிற இரண்டு சில்லு டிராக்டர், அந்த லான்ட்மாஸ்ரரை ஓட்டுகிறவள், அவளுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. கார் மதிலை உரசி நின்றது. எங்கள் முதுகுக்குப் பின்னால் ரயில் கடந்தது. தேவனின் துணியைக் கண்டு பிரேக் போட்டிருந்தும், கடவையைத் தாண்டிப் போய்த்தான் அது நின்றது.

4. பெயின்ற்

ரயில் கார்ட் இறங்கி வந்து பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. பேசினது முழுக்க நியாயம்.

அவர் போனபிறகு அன்ரனிடம் கேட்டேன்: "போன கிழமை என்னத்தை விட்டு நிரப்பினனீ?"

"படகு ஸ்ரியரிங்குக்கு விடுற ஹைட்ரோலிக் ஒயில்."

"ஏன்?"

"பிரேக் ஒயில் சிந்தினால் பெயின்ற் கழண்டுபோமெண்டு சொன்னாங்கள் அண்ணை. இது சிந்தினாலும் ஒண்டும் செய்யாது."

சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். படகு ஒயில் பெயின்றை விட்டுவிட்டு உள்ளே ரப்பரை ஊதவைக்கும். அடிக்கக் கையை ஓங்கினேன். அவன் அழுதுகொண்டிருந்தான். கையை இறக்கினேன்.

யாரோ ஒருவர், பழக்கத்தில் போலும், மதிலுக்கு மேலால் நீண்டிருந்த வேம்பில் ஒரு குழையை முறித்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா போய் அதை வாங்கினாள். பம்பரில் கட்டவில்லை. காருக்குப் பின்னால் நடந்துபோய் றோட்டில் போட்டாள்.

"உது இதுக்குத்தானே" என்றாள். தேவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். தின்னட்டும். நிரப்பினேன் என்று சொன்னால் எதை நிரப்பினாய் என்று கேளுங்கள், மூடியைத் திறந்து பாருங்கள். பழுதென்று சொல்ல வருகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்தமுறை சொல்லமாட்டான்.

அந்தக் கார் இப்போதும் ஓடுகிறது. சில்லுப் பக்கக் குழாயில் கிடந்தது முந்தின பிரேக் ஒயில்தான்; அது பட்ட கையை நான் ஊன்றின இடத்தில் பெயின்ற் உரிந்து ஐந்து விரலும் அப்படியே கிடக்கிறது. மதில் உரசின பக்கத்தைத் திருத்தினவன், அதை மட்டும் தொடவில்லை. ஜெசிந்தா விடவில்லையாம்.

இப்போது குழை எல்லாக் காருக்குள்ளும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஓட்டுகிறவனே ஜன்னலால் நீட்டவேண்டும், மற்றவர்கள் நிற்கவேண்டும். போன ஓட்டத்தில் அன்ரன் நீட்டினான். எல்லோரும் நின்றோம். நான் இறங்கி நாலு சில்லையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் காணியில் யாரோ குப்பை கொளுத்தியிருந்தார்கள்.

"மணம் வந்தமாதிரிக் கிடந்தது அண்ணை" என்றான், தலையைக் குனிந்தபடி.

தேவனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

"நல்லது" என்றேன். "இன்னொருக்கால் வந்தாலும் நிப்பாட்டு."