மேல் வயல்

ஃப்ரீமான்ட்டில் எனக்கு மிச்சமிருக்கும் முடியை வெட்டுபவர் ஜாவாக்காரர். அர்ச்சகர் போலச் சாந்தமான முகம். வெட்டுமுன் தலையைச் சொட்டச் சொட்ட நனைத்துவிடுவார். கண்ணாடியோரம் அவர் கிராமத்துப் படம்: மலைச்சரிவில் படிப்படியாக நெல்வயல்கள். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன்.

"மேல் வயல் என்னோடது. கீழ எல்லாருக்கும் அதுவழியாத்தான் தண்ணி. ஹோட்டல்காரனுக்கு வித்துட்டேன். இப்ப நீச்சல்குளம்," என்றார் ஆங்கிலத்தில்.

"கீழ இருந்தவங்க?"

"அவங்க வயலெல்லாம் காஞ்சுபோச்சு. அதுல முதல் வயல் எங்க அண்ணனோடது."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் வயல் மேல இருந்தா அவர் வித்திருப்பார்."

இன்னொரு முறை என் தலையில் தண்ணீர் தெளித்தார்.

"அந்தாள்கிட்ட இனிமே போகாதீங்க," என்றாள், வீட்டில் இதைக் கேட்ட மனைவி.

போகக்கூடாதுதான். ஆனால் என் வழுக்கையை மறைத்து வெட்ட இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.