எதிரியாக நடிக்க வந்த முனிரத்தினம் அண்ணன்

முனிரத்தினம் அண்ணன் இறந்துவிட்டார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து... நேற்றுக் காலை காணாமல் போனவர், இன்று விடியற்காலையில்தான் கிடைத்தார்.

பழவேற்காட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போன வருஷம் ஏரிக்கரையில் நடந்த டிஃபென்ஸ் ஷோவில் எதிரியாக நடித்த உள்ளூர் மீனவர்.

சிரிக்காதீர்கள், என் ஷீட்டில் அவர் பேரே 'எனிமி' என்றுதான் இருந்தது. நான் அந்த ஷோவுக்கு ஈவன்ட் கோஆர்டினேட்டர்.

ஒரு ஸ்டார்ட்அப் கம்பெனி, ஆளில்லாமல் ஓடும், தண்ணீருக்கடியில் இருப்பதையும் திரையில் காட்டும் ரோந்துப் படகு ஒன்றைச் செய்திருந்தது. ராணுவ அதிகாரிகள், பெரிய கம்பெனிக்காரர்கள், பணம் போடுகிறவர்கள் என்று எல்லோரையும் உட்கார வைத்து அதை ஓட்டிக் காட்ட வேண்டும். எதிரி படகில் ஊடுருவுவார், மெஷின் போய் மடக்கும். எதிரி மட்டும் உள்ளூரில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அண்ணனுக்குக் கறுப்பு டி-ஷர்ட்டும் முகமூடியும் கொடுத்தோம். போட்டுக்கொண்டு, "நான் எந்த நாட்டு எதிரி பாப்பா?" என்று கேட்டார்.

ஸ்கிரிப்ட்டில் அது இல்லை. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை அண்ணா என்றேன். "அப்ப சரி. ஆனா இந்த மூஞ்சித் துணி வேணாம். காத்து எங்கேந்து அடிக்குதுன்னே தெரியமாட்டேங்குது" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஷோ ஆரம்பித்தது. ட்ரோன் ஷாட், பின்னணி இசை, பெரிய ஸ்கிரீன். அண்ணன் படகு ஜோராக வந்தது. வந்து... பாதி ஏரியில் நின்றுவிட்டது.

வாக்கி-டாக்கியில் கத்தினேன். "அண்ணா, உள்ள வாங்க!"

"எப்டி வர்றது பாப்பா? இன்னிக்கி அது பக்கத்து ஊர்க்காரங்க பாடு. வலை கட்டி வச்சிகீறாங்க."

ஏரியில் எந்த நாளில் எந்த ஊர் எந்த இடத்தில் மீன் பிடிக்கலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர்தான் பாடு. நாங்கள் எல்லா ஆபீஸிலும் பர்மிஷன் வாங்கியிருந்தோம். அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

"நடிப்புத்தானே அண்ணா!"

"நடிப்புனா இன்னா? நான் ஏறி வந்தா வலை நெசமாத்தானே கிழியும்?"

அவரை மடக்க வேண்டிய மெஷின் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? கரை ஓரத்துச் சேற்றில். பாசி சுற்றிக்கொண்டு ஒரு அடி நகரவில்லை.

மேடையில் இருந்த தொகுப்பாளர் ஒரு நொடி முழித்தார். பிறகு கணீரென்று அறிவித்தார்... எங்கள் சிஸ்டத்தின் எச்சரிக்கை சிக்னலைக் கண்டு எதிரி எல்லையிலேயே நின்றுவிட்டான்!

கைதட்டல். எழுந்து நின்று கைதட்டினார்கள். கம்பெனி ஓனரைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஏ.சி. கூடாரத்தில் அவர்களுக்கு நண்டும் எறாவும். ஜெனரேட்டருக்குப் பின்னால் எதிரிக்கு எலுமிச்சை சாதப் பொட்டலம். அண்ணன் அதைப் பிரித்துக்கொண்டே, "நான் நின்னதுக்கா பாப்பா கை தட்டுனாங்க?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கும் அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

நேற்று மதியம் அவர் மனைவி கஸ்தூரி அண்ணி போன் செய்தார். படகில் கூடப் போனவர் நீந்திக் கரையேறிவிட்டார், அண்ணனைக் காணோம்.

"பாப்பா, அந்த மெஷினு... தண்ணிக்குள்ள இன்னா கீதுனு டிவில தெரியும்னியே. அத்த கொஞ்சம் அனுப்பச் சொல்றியா? எங்க கீறாருனு மட்டும் காட்டுனா போதும், நம்ம ஆளுங்களே எறங்கித் தூக்கிருவாங்க."

உடனே கம்பெனியின் மார்க்கெட்டிங் சாரைக் கூப்பிட்டேன். "ஓ நோ... வெரி சேட்" என்றார். அடுத்த கேள்வி இதுதான்.

"ஸ்பாட்ல மீடியா யாராச்சும் வந்திருக்காங்களா?"

இல்லை சார், போலீஸும் ஊர்க்காரர்களும்தான் என்றேன்.

"அப்ப ஒரு மெயில் போட்டு விட்டுருங்க. மேனேஜ்மென்ட் அப்ரூவல் வேணும். யூனிட் வேற அடுத்த ஷோவுக்கு பேக்கிங்ல இருக்கு."

மெயில் போட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடைசியில் அண்ணியிடம், வராது அண்ணி என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சரி பாப்பா. படம் காட்டத்தான் வந்தாங்க போல" என்று போனை வைத்துவிட்டார்.

ராத்திரி முழுக்க ஊர்ப் படகுகள்தான் தேடின. டார்ச் வெளிச்சத்தில், கழியால் துழாவி, வலை இழுத்து... கிடைத்தபோது பார்க்கிற மாதிரி இல்லை. அண்ணியைப் பக்கத்தில் விடவில்லை.

இன்று மதியம் அடக்கம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது போன் அதிர்ந்தது. அதே மார்க்கெட்டிங் சார். மெயிலுக்குப் பதில் என்று நினைத்துத் திறந்தேன்.

'ஹாய், நெக்ஸ்ட் ஷோவுக்கு அதே சைஸ் படகோட இன்னொரு எனிமி அரேஞ்ச் பண்ணுங்க. இந்த வாட்டி சொன்ன பேச்சு கேக்குற ஆளா பாருங்க.' கீழே கை கூப்பும் எமோஜி.

த்தூ!

யாருடைய நம்பரும் தர மாட்டேன். என்னையும் இனிமேல் கூப்பிட வேண்டாம். இந்தப் பதிவை அவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்று ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன.

போய் வாருங்கள் அண்ணா.