இரண்டாவது கியர் விழாத நாட்கள்

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டு அல்ல. பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, அதுவும் முழு அதிகாரத்தோடு. வாரத்துக்கு மூன்று நாள் அவரைத் தெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவில் அவரால் ஏற முடியாது, தூக்கி ஏற்ற என்னாலும் முடியாது. வாசலில் அவருடைய பழைய சின்ன கார் தூசி மூடி நின்றுகொண்டிருந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் அவர். அதுவரை நான் ஓட்டிய ஒரே வண்டி தையல் மெஷின்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றே ஒன்றை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு ரோட்டுலதான் இருக்கணும். கியரைக் குனிஞ்சு பாக்கவே கூடாது." முத்தியால்பேட்டைச் சந்துகளில் குனிந்து பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? எந்த மூலையிலிருந்து எந்த ஸ்கூட்டர் வரும் என்று தெரியாது. கையாலேயே தடவிக் கியரைப் போட்டேன், கண்ணை எடுக்கவில்லை.

லைசென்ஸ் வந்து ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி, இவருக்கு வாக்கர் வந்த சமயத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதல் கியர் போட்டால் மூன்றில் போய் உட்காரும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். இரண்டாவது கியர் விழவே விழாது. மணிக்கூண்டு அருகே நட்ட நடு ரோட்டில் நிற்பேன், பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்துவான். பக்கத்து சீட்டிலிருந்து இவர் ஆரம்பிப்பார்.

"கிளச்சை முழுசா மிதிக்கிறியா இல்லியா?"

"மிதிக்கிறேன்."

"மிதிச்சா ஏன் விழல? பொம்பளைங்க கையில வண்டி குடுத்தா இப்படித்தான்."

அந்த நேரத்தில் அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. சொல்ல வெட்கமில்லை. விடிந்ததிலிருந்து அவரை எழுப்பி, குளிப்பாட்டி, வேட்டி கட்டி, வாக்கரைப் பின்சீட்டில் திணித்து, அதற்காக முன்சீட்டை முன்னால் தள்ளி, அவரை உள்ளே உட்காரவைப்பதற்குள் என் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை அந்தக் கியர் எடுத்துக்கொண்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், பேச்சு குறைவு, கேள்வி அதிகம். எல்லாக் கியரும் இறுக்கமா, ஒன்றிரண்டு மட்டுமா? இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டால் விழுகிறதா? கரகரவென்று சத்தம் வருகிறதா?

"சத்தம் இல்ல தம்பி. மூணும் நாலும் நல்லா விழுது. ஒண்ணும் ரெண்டும்தான்."

"அப்ப கிளச்சு இல்ல அக்கா. கிளச்சுன்னா எல்லாத்துலயும் தகராறு பண்ணும்."

ஆனாலும் கேபிளைப் பார்த்தார், கியர் ஆயிலை மாற்றினார். கியர் லீவருக்குக் கீழே தேய்ந்துபோன புஷ் என்கிற சின்ன வளையத்தைக் கழற்றிக் காட்டி, இதுதான் என்றார். புதுசு போட்டு, வைத்திக்குப்பம் கடற்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றார். நானும் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினேன். வெண்ணெய்தான். அடுத்த நாள் தெரபி முடிந்து வரும்போது ஐந்து இடத்தில் வண்டி நின்றது.

இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பட்டறையில் வண்டி நல்ல பிள்ளையாக இருக்கும். மெக்கானிக் என் செருப்பைப் பார்ப்பார், என் காலைப் பார்ப்பார். கோளாறு வண்டியில் இல்லை, என்னிடம்தான் என்று கடைசியில் நானே நம்பிவிட்டேன். வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். விற்றால் தெரபி நின்றுவிடும். தெரபி நின்றால் அந்தக் கால் அவ்வளவுதான். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னால் ஆகவில்லை. கொஞ்சநஞ்சம் அல்ல, அவ்வளவு அசதி.

ஒன்றே ஒன்றுதான் என்னைத் தடுத்தது. கால் தேறிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் எண்ணெய் தடவும்போது பாதத்தில் கட்டைவிரலால் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பேன். முதலில் எல்லாம் இல்லை என்று தலையாட்டுவார். பிறகு ஒருநாள் "தெரியுது" என்றார். அதிலிருந்து தினமும் "தெரியுது"தான். தெரபி பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டுச் சொன்னேன். நாலு மாதமாக என்னை நடமாட வைத்தது அந்த ஒரு சொல்.

வண்டியை விற்க ஆள் பார்க்கச் சொன்னபோது மெக்கானிக் புதிதாக ஒன்று கேட்டார்.

"எப்ப எப்ப அக்கா வருது? மார்க்கெட்டுக்குத் தனியா போவீங்களே, அப்ப?"

யோசித்துப் பார்த்தேன். அப்போது வந்ததே இல்லை. தெரபிக்குப் போகும்போது கொஞ்சம் வரும், திரும்பும்போது அதிகம்.

"நாளைக்கு நானும் வர்றேன்," என்றார்.

பின்சீட்டில் வாக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். காந்தி வீதியில் இரண்டு முறை வண்டி நின்றது. இவர் வழக்கமான பாட்டைப் பாடினார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டே வந்த மெக்கானிக், ஆஸ்பத்திரியில் நான் இவரை உள்ளே அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல அக்கா. அண்ணன் காலு."

"காலா?"

"வாக்கருக்காக சீட்டை முன்னால தள்ளுறீங்கல்ல, வலது முட்டி அப்படியே உங்க பக்கம் சாஞ்சு லீவர் மேல கிடக்குது. வேட்டி மூடியிருக்கு, உங்களுக்குத் தெரியல. ஒண்ணும் ரெண்டும் அவர் பக்கம்தானே போவணும், முட்டி வழி வுட மாட்டேங்குது. திரும்பி வரும்போது அசந்துடுவாரு, இன்னும் சாயும். நீங்க கியர் போடும்போதெல்லாம் ராடு முட்டில இடிக்குது. நல்லாவே இடிக்குது. அவர் ஒரு தபாகூடக் காலைப் பாக்கல."

இரும்பு இடித்து வலிக்காத காலுக்கு என் கட்டைவிரல் எப்படித் தெரியும்?

கணக்குப் போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் காரின் மேல் சாய்ந்து நின்றேன். நான்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வந்தது. அந்த மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று கோபம். மெக்கானிக் டீ வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துபோனார், நல்ல மனிதர்.

திரும்பும்போது இவரை உட்காரவைத்து, அந்த முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளி, நடுவில் ஒரு தலையணையைச் செருகினேன்.

"இது இன்னாத்துக்கு?"

"முட்டி கியர்ல இடிக்குது."

"இடிக்குதா?" என்றார்.

குனிந்து அந்த முட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு கியரும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மணிக்கூண்டை நிற்காமல் தாண்டினேன்.

சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். தடவினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னிக்கு இன்னா கேக்கல?" என்றார்.

"கேட்டா தெரியுதுன்னுதானே சொல்லுவீங்க."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "முதல் நாளு சும்மாத்தான் சொன்னேன். நீ அப்படிச் சிரிச்ச. அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே எண்ணெய் தடவினேன், கை நிற்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கண்ணை முந்தானையால் மூடினேன்.

"இப்ப ஒழுங்கா சொல்லணும்," என்றேன். பாதத்தை அழுத்தினேன். "இங்க?"

"தெரியல."

கணுக்கால். "தெரியல." கெண்டைக்கால். "தெரியல." முட்டி. கியர் இடித்து இடித்து அங்கே கன்றிப்போயிருந்தது. தினமும் குளிப்பாட்டும் நான் அதைக் கட்டில் இடித்தது என்று நினைத்துவிட்டேன். "தெரியல."

முட்டிக்கு மேலே ஒரு சாண் போனேன்.

"அங்க," என்றார். "லேசா."

"என்னைச் சிரிக்க வைக்கவா?"

"இல்லடி. அங்க தெரியுது."

விரலை எடுக்காமல் இடது கையால் மேஜையில் துழாவிப் பேனாவை எடுத்தேன். நாளைக்கு டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று, அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டேன்.