நாலு ஏக்கருக்கு முளைத்த வால்

போன சனிக்கிழமை, மலேசியாவில், ரெம்பாவில் என் மாமனாரின் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு வால் முளைத்தது. முளைக்க வைத்தவள் நான்தான்.

காட்டை அழித்து நட்ட செம்பனையின் பாமாயில் உள்ளே வரக்கூடாது என்று ஐரோப்பாவில் ஒரு சட்டம். அமலுக்கு வரும் தேதியை அவர்கள் தள்ளிவைத்துக்கொண்டே போகிறார்கள். எங்கள் பக்கத்து எண்ணெய் மில் தள்ளிவைப்பதாக இல்லை. குலை கொடுக்கும் எல்லா நிலத்துக்கும் வரைபடம் வேண்டுமாம், இப்பவே. எல்லையைச் சுற்றி நடந்தால் ஃபோனில் உள்ள ஆப் தானாகக் கோடு போட்டுக்கொள்ளும்.

"நீதான் டிகிரி படிச்சவ. நடம்மா," என்றார் மாமா.

நடந்தேன். கூடவே என் மகள் யாழினி, இரண்டரை வயது. வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாமோ? காலுறை போட்டுவிட்டேன்... அட்டை ஏறாமல் இருக்குமா? மூன்றாவது மூலையில் நான் இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு குரங்குக்குட்டியைப் பார்த்துவிட்டாள். ஓட்டம். பக்கத்தில் அரசாங்கக் காடு. ஃபோனும் கையுமாக நான் அவள் பின்னால்... ஆப் போடும் கோடு என் பின்னால்.

குலை ஏற்ற லோரியோடு வந்த டீலர் குணா ஃபோனை வாங்கிப் பார்த்தார்.

"என்னாக்கா இது? மாமா காட்டுக்குள்ள வால விட்டு வெச்சிருக்காரு?"

"பிள்ளைய துரத்திக்கிட்டுப் போனேன், குணா."

"எனக்குப் புரியுது. ஐரோப்பாவுக்குப் புரியணுமே லா! இத அனுப்புனா மாமா காட்ட வெட்டுன ஆளு. மில்லுல குலைய எடுக்க மாட்டாங்க."

மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் வெட்டிய குலைகள் ரோட்டோரம் கிடக்கின்றன. இன்றைக்கே மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட ஆரம்பிக்கும். அதைவிட — காட்டு மரம் ஒன்றைக்கூடத் தொடாத மனிதரை நான் காடழித்தவராக்கிவிட்டேன்.

"இத எதுத்துக் கேக்க எடமே இல்லையாம்மா?"

இருக்கிறது என்றேன். ஜெனிவாவில் உலக நாடுகள் சேர்ந்து வைத்த வர்த்தகப் பஞ்சாயத்து. தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீலும் உண்டு. அப்பீலைக் கேட்கத்தான் நீதிபதிகள் இல்லை. ஒரு பெரிய நாடு பல வருஷமாக யாரையும் நியமிக்க விடுவதில்லை.

"அப்ப அப்பீல் பண்ணுன கேஸு?"

"அப்படியே தொங்கும், மாமா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நாமளும் ஒரு அப்பீல போட்டுட்டு லோரில ஏத்துவோம்!"

குணா சிரித்துவிட்டார். "அதெல்லாம் பெரிய நாட்டுக்கு, மாமா. நாலு ஏக்கருக்கு நடந்துதான் ஆவணும்."

காட்டைக் காப்பாற்றுவது தப்பா? இல்லவே இல்லை. யாழினி மூச்சுவிடக் காடு வேண்டும். ஆனால் ஆளாளுக்குத் தன் வாசலில் ஒரு சட்டம் எழுதி மாட்டினால்? இன்றைக்கு வரைபடம். நாளைக்கு வேறொரு நாடு குரங்குகளை எண்ணி அனுப்பச் சொன்னால், அதற்கும் ஒரு படித்த மருமகள் வேண்டும். எல்லோரும் கூடிப் பேசி ஒரே விதி வைத்தால், ஒரு முறை நடந்தால் போதுமே... இது நியாயமா, என் கால்வலியா? தெரியவில்லை.

மறுபடி நடந்தேன். இந்த முறை யாழினி என் இடுப்பில். நாலு மூலையும் ஒழுங்காக விழுந்தன. குலைகள் ஏறின. மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாடா என்று தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசற்படியில் உட்காரப் போனேன். லோரியிலிருந்து குணா தலையை நீட்டினார்.

"அக்கா! பக்கத்து நெலத்து மாக்சிக், அந்த மலாய்க்காரம்மாவுக்கும் மேப் வேணுமாம்!"

ஜெனிவாவில் உட்கார ஆள் இல்லை. ரெம்பாவில் உட்கார நேரம் இல்லை.