சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்தேன்

திருச்சியிலிருந்து என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு அரியலூர் வந்தால், ஊரை நடந்தே சுற்றிக்காட்டுவது என் வேலை. காலையில் டவுனில் இட்லி, அடுத்து பழைய கோயில், கடைசியாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கைவிட்ட பள்ளத்தில் கல்லாகிப்போன சிப்பிகள். அங்கேயே நிழலில் உட்கார்ந்து புளிசாதமும் நீர்மோரும் சாப்பிடுவோம்.

போன சித்திரையில் அப்படித்தான் போனோம். "இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில் சங்கு ஊதியது. எங்கள் வீட்டில் சிமெண்ட் ஆலைச் சங்கு கேட்டுத்தான் மதியம் இலை போடுவோம். அந்தப் பழக்கத்தில், "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, உட்காருங்க" என்று மோர்த் தூக்குவாளியைத் திறந்தேன்.

மேட்டிலிருந்து ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். "பக்கத்துப் பள்ளத்துல வெடி வெக்கிறாங்கம்மா. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாங்க."

செருப்பைத் தேடிய ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மேடேறி ஒரு லாரிக்குப் பின்னால் எல்லோரும் ஒதுங்கியதும் தரை அதிர்ந்தது. கற்கள் மழைபோல் விழுந்தன.

புழுதி அடங்கியபின் பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தூக்குவாளி தட்டையாக நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் தலையளவு கல்.

"வெடிக்கு முன்னாடி ஊதுன சங்கு கேக்கலையாம்மா?" என்றார் கொடிக்காரர்.

கேட்டதால்தான் உட்கார்ந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

இப்போது யார் வந்தாலும் வீட்டு அலமாரியில் இருக்கும் இரண்டு சிப்பிகளைத்தான் காட்டுகிறேன். மதியம் ஆலைச் சங்கு ஊதினால், இலையை எடுப்பதற்கு முன் என் கால் வாசலுக்கு ஓடிவிடுகிறது.