தேவா அண்ணன் கேட்ட கடைசி ஸ்கோர்

புதன்கிழமை காலை, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் இருந்தேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் போன் வந்தது. தேவா அண்ணனின் மகள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். அவ்வளவுதான் கேட்டது, சிக்னல் போய்விட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பும் வண்டிக்காக எதிர் பிளாட்பாரத்தில் நின்றேன். கையில் அதே போன். அதற்குள் அவர் பார்க்காத ஒரு மேட்ச் இருந்தது.

முப்பதாம் நாள் பூசையில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, வந்தவர்களுக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தேவா அண்ணன் என்கிற தேவசகாயத்தைத் தங்க வயல் சாம்பியன் ரீப்ஸில் தெரியாதவர்கள் இல்லை. சுரங்கத்தில் பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. மேலே வந்தால் எங்கள் ஹாக்கி டீமுக்குக் கோல் கீப்பர். அவருக்கு நேர் முன்னால் தடுத்தாடும் பேக்காக ஆடியவன் நான். பதினோரு வருஷம் அவருடைய குரல் என் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு மேட்ச் பலருக்கு நினைவிருக்கும். எதிர் டீம் பார்வர்டு ஒருவன் பந்தோடு வந்தான். வலப்பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தான். நான் வலப்பக்கம் பாய்ந்தேன், அவன் இடப்பக்கம் போய்விட்டான். தேவா அண்ணன் அசையாமல் நின்று அந்தப் பந்தை நெஞ்சில் வாங்கினார். வலியில் குனிந்தவர் நிமிர்ந்ததும் என்னைத்தான் பிடித்தார். "இன்னாடா முருகேசு, அவன் மூஞ்சியப் பாத்துகினு நிக்கிறே? கண்ணாலமா பண்ணிக்கப் போறே? இடுப்பப் பாருடா. மூஞ்சி பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது." மைதானமே சிரித்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எதிர் டீமுக்குக் கார்னர் கொடுத்தால் போதும், மட்டையால் இடது கோல் போஸ்ட்டை ஒரு தட்டு, வலது போஸ்ட்டை ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமலே தான் நிற்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிடும். கீழே சுரங்க லெவலிலும் அதே பழக்கம்தான். இரும்புக் கம்பியால் மேல்பாறையைத் தட்டி, சத்தம் கெட்டியாகக் கேட்ட பிறகுதான் ஆட்களை உள்ளே விடுவார். "தட்டிப் பாத்துட்டு நில்லு. தைரியம்லாம் அப்புறம்" என்பார். அந்த இரண்டு தட்டு இன்னும் என்னை விடவில்லை. ரயில் பெட்டியில் யாராவது மோதிரம் போட்ட விரலால் ஜன்னல் கம்பியைத் தட்டினால்கூட எனக்கு முதுகு சிலிர்க்கிறது.

சுரங்கம் மூடியது, டீம் கலைந்தது. அவர் நுரையீரலில் தூசி தங்கிவிட்டது. நான் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தேன். போன தீபாவளிக்கு முன்னால், ஐரோப்பாவின் கிளப் அணிகள் மோதும் ஹாக்கி தொடரை என் போனில் அவருக்குக் காட்டினேன். பெல்ஜியம் கிளப் ஒன்றின் கோல் கீப்பர், மெலிந்த பையன், கார்னருக்கு முன்னால் இரண்டு போஸ்ட்டையும் தட்டினான். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "டேய், இவன் நம்ம புள்ளடா!" அவனுடைய பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கடைசிவரை அவன் நம்ம புள்ளதான்.

அந்த சீசன் முழுவதும் ஒரே ஏற்பாடு. மேட்ச் நடக்கும்போது நான் ரயிலில் இருப்பேன், முடிந்தவரை பார்ப்பேன். மறுநாள் ஆபீஸில் முழுதாக இறக்கிக்கொள்வேன். ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு அவர் வீட்டில், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து இருவரும் பார்ப்போம். ரோஸி அண்ணி டீ போட்டுத் தந்துவிட்டு, "ரெண்டு கெழவனுங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்வார். அண்ணன் விதித்த சட்டம் ஒன்றுதான்: ஸ்கோரை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தங்க வயலில் இந்தப் போட்டியைப் பார்த்தது நாங்கள் இருவர்தான், வேறு யாரும் சொல்லிவிட வழியில்லை. ஆனால் அவரே என்னைச் சோதிப்பார். "புள்ள நாலு கோல் வாங்கிட்டானாமே?" என்று சும்மா ஒரு கல்லை வீசிவிட்டு என்னைக் கவனிப்பார். ஒருமுறை என் புருவம் காட்டிக்கொடுத்துவிட்டது. "போடா, ஷிப்ட் முடிஞ்சிது" என்று போனை அணைத்துக் கையில் கொடுத்தார். அந்த மேட்சை அவர் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

நம்ம புள்ள பைனலுக்கு வந்துவிட்டான். பைனல் ஈஸ்டருக்கு மறுநாள். ரயிலில் பார்த்தேன். மாலூர் வரை தெளிவாக வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது. சமநிலையில் முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. எட்டு விநாடிக்குள் ஒருவன் பந்தோடு வந்து கீப்பரைத் தாண்ட வேண்டும். முடிவு தெரிந்தபோது வண்டி சாம்பியன் ரீப்ஸில் நின்றிருந்தது. நான் இறங்க மறந்து மாரிகுப்பம் வரை போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நேராகப் போனேன். மூன்று வருஷமாகப் பார்க்கிற மூச்சு முட்டல்தானே, இரண்டு நாளில் திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். அண்ணன் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"இன்னா ஆச்சு, முருகேசு?"

சோதிக்கிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் விடமாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. பழகிய சிரிப்பைச் சிரித்தேன். "ஞாயித்துக்கெழம பாக்கலாம்ணே."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். இரண்டு கையையும் நகர்த்தி, கட்டிலின் இடது கம்பியை ஒரு தட்டு, வலது கம்பியை ஒரு தட்டு. நான் அதற்கும் சிரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். நின்றிருக்க வேண்டும். அவர் சட்டத்தை அவரே தளர்த்திக் கேட்டிருக்கிறார், எனக்குப் புரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீ போனப்புறம் இன்னா சொன்னாரு தெரியுமா தம்பி? 'புள்ள ஜெயிச்சிட்டான் ரோஸி, முருகேசு மூஞ்சிலயே தெரிஞ்சி போச்சி'ன்னாரு. ராவெல்லாம் அதான் பேச்சு. ஜெயிச்சான்ல?"

என்ன செய்தேன் தெரியுமா? அதே சிரிப்பைச் சிரித்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கட்டும்" என்றார்.

இதை அண்ணி படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அண்ணி, நம்ம புள்ள ஜெயிக்கவில்லை. மூன்று பேரை நிறுத்தினான். கடைசியில் வந்தவன் பந்தை அவன் கால்களுக்கு நடுவில் தள்ளிவிட்டான். போஸ்ட்டில் சாய்ந்து உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இடுப்பைப் பார் என்று எனக்குச் சொன்ன மனிதருக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையைத் தூக்க முடியவில்லை. கண்ணுக்கு எட்டியது என் முகம்தான், அதை நம்பிவிட்டார்.

அவருடைய மட்டையை நீங்கள் எனக்குத் தந்தீர்கள், வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கு உண்மையில் மிஞ்சியது, அவர் மட்டும் பார்த்த அந்த ஜெயம்தான். இந்த ஞாயிறு பதினோரு மணிக்கு வருகிறேன் அண்ணி. சர்க்கரை டப்பாவை எடுத்து வையுங்கள். பைனலைக் கடைசிப் பந்துக்கு முன்னால் நிறுத்திவிடுவோம்.