வெற்றிலை முத்திரை

வசம்பும் பழைய சாயமும் கலந்த அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த "மரப்போர்வை"யின் வாசனை அது. கட்டிலைவிடப் பெரிய பருத்தித் துணியின் நடுவே ஒரே ஒரு மரம், ஒரு கிளையில் மாதுளை போல ஒன்று, அடுத்த கிளையில் தாமரை போல ஒன்று என்று, எந்த ஊரிலும் காய்க்காத காயும் பூக்காத பூவுமாகச் சிவப்பிலும் நீலத்திலும் கையால் எழுதப்பட்டிருக்கும். "நம்மூரு மரமில்லத்தா இது. சீமைக்காரன் தன் கட்டிலுக்கு இப்புடித்தான் வேணும்னு கேட்டு நம்மாளுகளை எழுதவச்சது" என்பார் அத்தா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். துணி வியாபாரம் செய்த எங்கள் முன்னோர் ஒருவர், கப்பலில் ஏற்ற மனமில்லாமல் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாராம்.

ஆனால் எங்கள் தெருவுக்கு மரம் ஒரு பொருட்டே இல்லை. துணியின் பின்புறம், ஒரு மூலையில், வெற்றிலை வடிவத்தில் கறுப்பாக ஒரு முத்திரை. உள்ளே யாருக்கும் படிக்கத் தெரியாத நாலைந்து எழுத்து. யாரோ ஓர் இறைநேசர் கைபட்டது என்று நம்பி அதை "அவுலியா முத்திரை" என்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து, அந்த மூலையில் நெற்றியை வைத்து எடுப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன், சில்லென்று இருக்கும்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்த அத்தா, சொந்தமாக ஒரு வள்ளம் வாங்குவதற்காக மரப்போர்வையை விற்கத் துணிந்தார். காரைக்குடிப் பக்கம் பழஞ்சாமான் வாங்க வந்த சென்னைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அதற்குள் தம்பி காசிமுக்கு டைபாய்டு. அறந்தாங்கி டாக்டர் தந்த மருந்துக்கும் பிள்ளை கண் திறக்கவில்லை. அந்த ஆள் வந்து முத்திரையையும் கொண்டுபோய்விடக் கூடாதே என்றும், வராவிட்டால் அத்தா இடிந்துபோவாரே என்றும் இருப்புக்கொள்ளாமல், வாசலுக்கும் தம்பியின் பாய்க்கும் நடந்து நடந்து எனக்குக் கால் கடுத்தது. "ஏன்டி இப்புடி அங்கிட்டும் இங்கிட்டும் அலையுற? ஒக்காரு!" என்று அதட்டிய அம்மா, தானே அடுப்பை மூட்டுவதும் அணைப்பதுமாக இருந்தார்.

திங்கட்கிழமை கார் வந்தது. துணியை விரித்த சென்னைக்காரர் மூலையைப் புரட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. முத்திரையைக் கத்தரித்துக் காசிமின் தலைக்கடியில் வைத்திருந்தார் அம்மா.

"ஐயையோ, என்னங்க இது! அது கும்பினி முத்திரைங்க. வெள்ளைக்காரன் தன் சரக்குன்னு குத்தின அடையாளம். அது இருந்தாத்தான் இந்தத் துணிக்கே மதிப்பு!"

"குடியைக் கெடுத்திட்டியேடி!" என்று அத்தா கத்தினார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கும்பினியோ அவுலியாவோ, எம்புள்ள கண்ணு முழிக்கிற வரைக்கும் அது அவன் தலைமாட்டுலதான் இருக்கும். வேணும்னா மரத்தைக் கொண்டுபோகச் சொல்லுங்க."

அற்ப விலைக்கு மரம் போயிற்று. வள்ளம் வரவில்லை, அத்தா கடைசிவரை அடுத்தவர் வள்ளத்தில்தான் கடலுக்குப் போனார். காசிம் பிழைத்தான். மருந்தா, முத்திரையா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்தத் துண்டும் தெருப் பிள்ளைகளின் காய்ச்சலுக்கெல்லாம் வீடு வீடாகப் போய், நூல் நூலாகப் பிரிந்து, எந்த வீட்டில் முடிந்ததோ தெரியாது. இப்போது அந்தத் தெருவில் மாத்திரைக்கடை இருக்கிறது, நல்லதுதான்.

போன வருடம் காசிமோடு சென்னையில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மரம். மாதுளை, தாமரை, எல்லாம். ஒரு மூலையில் சதுரமாக ஓட்டை. எங்களுடையதுதானா, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்காக வெட்டியதா, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். 'ஒரு மூலை சேதமடைந்துள்ளது' என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். சேதமாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், தலை முழுக்க நரைத்த காசிம், அந்த ஓட்டைக்கு நேரே குனிந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"தொடாதீங்க ஐயா!" என்று காவலாளி ஓடிவந்தார்.

"சில்லுன்னு இருக்குக்கா" என்றான் காசிம்.